'ஏ' என்றால் ஆரணி

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வேலூரிலிருந்து போன் பண்ணினார். வழக்கமாக அம்மா உடம்பு, வெயில், கரண்ட் கட் என்று பேசிவிட்டு வைத்துவிடுவார். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டுப் பெயர்க் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். (நான் பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் அம்மாவிடமும் குமுதத்திடமும் கற்றுக்கொண்டது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.)

என் பெயருக்கு முன்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து உண்டு. சித்தூரில் பிறந்து, திருப்பதி எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜில் பி.காம். முடிக்கும்வரை அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சென்னைக்கு முதல் வேலைக்கு வந்தபோதுதான் ஆரம்பித்தது. "ஏ-ன்னா அப்பா பேரு என்ன? ஆறுமுகமா, அண்ணாமலையா?" இரண்டும் இல்லை, ஆரணி என்பேன். "அப்பா பேரு ஆரணியா?!" அப்பா பெயர் 'ஏ'வில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அப்புறம் அரை மணி நேரம் விளக்கம்.

துபாய் வந்த பிறகு அந்த ஒற்றை எழுத்து நீண்டு முழுப் பெயராகிவிட்டது. பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் ஆரணி. ஆபீசில் நான் மிஸ்டர் ஆரணி. என் வாழ்நாளில் ஒரு ராத்திரிகூடத் தங்காத ஊரின் பெயரைச் சொல்லித்தான் இங்கே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கதை இதுதான். என் கொள்ளுத்தாத்தா ஆரணிக்காரர். வக்கீல் குமாஸ்தா வேலை தேடி சித்தூருக்கு வந்தார். அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். கலெக்டர் கச்சேரி, ஜில்லா கோர்ட் எல்லாம் அங்கே. ஆரணியும் அதே மாவட்டம். வேலூர் வழியாக வந்தால் எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அதாவது அவர் எந்த எல்லையையும் தாண்டவில்லை. சொந்த மாவட்டத்தின் தலைநகருக்கு வேலைக்கு வந்தார், அவ்வளவுதான்.

1911 ஏப்ரல் 1-ம் தேதி சித்தூர் தனி மாவட்டம் ஆனது. வட ஆர்க்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு என்று சேர்த்துக் கட்டினார்கள். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடியதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டாஸ்கர் பஞ்சாயத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. தாத்தா கிரீம்ஸ்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நான் வீடே மாறலை, எனக்கு மாநிலம் மாறிடுச்சு" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொல்வார்.

ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது மாநிலம் மாறுவதற்கு வெகு முன்னாலேயே. தாத்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தெலுங்கு வாத்தியார், "மீ இண்டி பேரு ஏமிரா?" என்று கேட்டாராம். தாத்தா தன் அப்பா பெயரைச் சொன்னார். வாத்தியார், அது உங்கப்பன் பேரு, நான் கேட்டது வீட்டுப் பேரு என்றார். ஆறு வயசுப் பையன் முழித்தான். வாசலில் நின்றிருந்த யாரோ ஒருவர், "ஆரணோள்ள பில்லோடு சார்" என்று குரல் கொடுத்தார். ஆரணிக்காரங்க வீட்டுப் பையன் என்று அர்த்தம். வாத்தியார் ரெஜிஸ்டரில் ஆரணி என்று எழுதிவிட்டார். எங்கள் குடும்பத்தின் நூறு வருஷச் சர்நேமுக்கு இவ்வளவுதான் ஆராய்ச்சி!

தெலுங்கு மக்களுக்கு இண்டிபேரு இல்லாமல் பெயரே கிடையாது. அது முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால். பெண் கல்யாணம் ஆனால் புருஷன் வீட்டு இண்டிபேருக்கு மாறிவிடுவாள். என்.டி.ஆரில் இருக்கும் 'என்' நந்தமூரி, அப்பா பெயர் இல்லை. நிறைய இண்டிபேர்கள் ஊர்ப் பெயர்கள். அன்னமாச்சாரியாரின் தாள்ளபாக்கம் கடப்பைப் பக்கத்து ஊர். ஆந்திரா யுனிவர்சிட்டியின் முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி இருக்கிறாரே, அந்த 'சி' கட்டமஞ்சி. எங்கள் சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியேதான். சின்ன வயதில் அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவோம். அந்த ஊர்ப் பெயர் ஒரு பெரிய மனிதரின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் நம் ராதாகிருஷ்ணன். 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். 'எஸ்' என்றால் அப்பா பெயர் என்று தமிழ்நாட்டில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சர்வேபள்ளி, நெல்லூர்ப் பக்கத்து ஊர். அவர் முன்னோர் அங்கிருந்து தெற்கே வந்த தெலுங்குக் குடும்பம். என் முன்னோர் ஆரணியிலிருந்து வடக்கே போன தமிழ்க் குடும்பம். அவர் பிறந்த ஊர் கடைசியில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, நான் பிறந்த ஊர் ஆந்திராவுக்குப் போய்விட்டது. விட்டு வந்த ஊரைப் பெயருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு அலைவதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. (மற்றதில் எல்லாம் அவர் ஜனாதிபதி, நான் பேங்க் ஆபீசர், ஹி ஹி.)

ஒன்று கவனித்தீர்களா? இந்தப் பெயரை யாரும் தானே வைத்துக்கொள்வதில்லை. ஆரணியில் இருந்தவரைக்கும் எங்களை யாரும் ஆரணிக்காரர் என்று சொல்லியிருக்க முடியாது. ஆரணியில் எல்லோரும் ஆரணிதானே! போய்ச் சேர்ந்த இடத்து ஜனங்கள்தான், வந்தவனை அடையாளம் சொல்ல அவன் விட்டு வந்த இடத்தின் பெயரை வைக்கிறார்கள்.

திருமலையில் இதைவிட அழகான கதை உண்டு. ராமானுஜர் தன் சீடர்களிடம், திருமலைக்குப் போய் அங்கேயே தங்கிப் பெருமாளுக்குப் பூக் கைங்கரியம் செய்ய யார் தயார் என்று கேட்டாராம். அப்போது மலை என்றால் குளிரும் காடும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கன்னட தேசத்திலிருந்து வந்த அனந்தன் மட்டும் எழுந்தார். நீதான் ஆண்பிள்ளை என்று குரு சொல்ல, அனந்தாண்பிள்ளை என்ற பெயர் நிலைத்தது என்பார்கள். அவர் போட்ட தோட்டம் கோயிலுக்குப் பின்னால் இன்றும் இருக்கிறது, அவருடைய கடப்பாரையை மகாத்துவாரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வம்சத்தார் இன்றும் அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். வேலைக்குக் குடிபெயர்ந்து போனதற்குக் கிடைத்த சர்நேம். எங்களுக்கு எல்லாம் விசாதான் கிடைக்கிறது.

இனி தமிழ்நாட்டுப் பக்கம். ஊரைப் பெயருக்கு முன்னால் போடுவது நமக்கும் புதிதல்ல. செம்மங்குடி, அரியக்குடி, ஆர்.கே. நாராயண் என்றால் ராசிபுரம். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு. அவரோடு 'மீரா' படத்தில் ராணாவாக நடித்த நாகையா குண்டூர் பக்கம் பிறந்தவர், ஆனால் சித்தூரில் நாடகம் போட்டுப் பேர் வாங்கியதால் சித்தூர் வி. நாகையா ஆகிவிட்டார். ஊர், அப்பா, அம்மா, ஜாதி என்று எதுவேண்டுமானாலும் வரலாம் என்றிருந்தது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். மெல்ல மெல்ல வால் போனது. மிச்சம் நின்றது அப்பா பெயரின் முதல் எழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற எழுத்து. எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். யார் பெயரைப் பார்த்தும் என்ன ஜாதி என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பாஸ்போர்ட் கட்டத்துக்கு அது ஒத்துவராது.

எங்கள் வீட்டில் இரண்டு ஏற்பாடும் மோதிக்கொண்டன. நைனா (சித்தூர், வேலூர் பக்கம் அப்பாவை நைனா என்போம்) சித்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். எல்லா ரெக்கார்டிலும் ஆரணி என்ற இண்டிபேரோடுதான் இருந்தார். அண்ணனை மட்டும் தமிழ் படிக்கட்டும் என்று வேலூரில் மாமா வீட்டில் விட்டார்கள். மாமா பள்ளியில் சேர்க்கும்போது தமிழ்நாட்டு வழக்கப்படி நைனா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில், தாத்தாவின் இனிஷியலோடு நைனா பெயரை எழுதினார். ஆரணி எங்கேயும் இல்லை. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை, வேலூரில் அதுதான் முறை. நான் சித்தூரிலேயே படித்ததால் ஆரணி. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு எழுத்து. சின்ன வயதில் அது எங்களுக்கு ஒரு வேடிக்கை.

2019-ல் நைனா தவறினார். ரிட்டயர் ஆனபின் திருப்பதியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வேலூரிலிருந்து வந்து தங்கி, ராத்திரி முழிப்பு, டாக்டர், மருந்து எல்லாம் பார்த்துக்கொண்டது அண்ணன். எனக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, சென்னையில் இறங்கி திருப்பதி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது அண்ணன். நான் பார்த்தது பாலுக்குப் பிறகு கரைக்க வைத்திருந்த சாம்பலைத்தான்.

நைனாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பிக்சட் டெபாசிட் இருந்தது. அவர் பெயரில் மட்டும், நாமினி இல்லாமல். (பேங்க்கில் வேலை செய்கிற பிள்ளை இருந்தும் நாமினி போடவில்லை. என்னத்தச் சொல்ல. நீங்கள் இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு டெபாசிட்களில் நாமினி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.) தாசில்தார் ஆபீசில் வாரிசு சான்றிதழ் வாங்கிக்கொண்டு அம்மா, அக்கா, அண்ணன், நான் நான்கு பேரும் கிளைக்குப் போனோம்.

கவுன்ட்டரில் இருந்தவர் சின்னப் பையன், மரியாதையான பையன். எல்லோருடைய ஆதாரையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். டெபாசிட்காரர் ஆரணி. இவர் ஆரணி, சரி. அக்கா கல்யாணமாகி வேறு பெயர், அதற்குக் கல்யாண சர்டிபிகேட் இருக்கிறது, சரி. அம்மாவுக்கு ஒற்றைப் பெயர், புருஷன் பெயர் இருக்கிறது, பார்க்கலாம். அண்ணனிடம் வந்து நின்றார். இவர் பெயரில் ஆரணி இல்லை. இவருடைய ஸ்கூல் சர்டிபிகேட்டில் இருக்கிற தகப்பனார் வேறு இனிஷியல். அதனால் டெபாசிட்காரரும் இவர் தகப்பனாரும் ஒரே ஆள் என்று காட்ட ஒன்றும் இல்லை.

நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அந்தப் பையன் குரலை உயர்த்தாமல், "சார், மீரு பேங்க்கர் கதா, மீகு தெலியதா?" என்றார். நீங்களே பேங்க்காரர்தானே, உங்களுக்குத் தெரியாதா என்று.

தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினையே. அதற்கு ஒரு வருஷம் முன்னால் இதே துபாயில், தஞ்சாவூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் ஊருக்கு அனுப்பிய பணம் இரண்டு தடவை திரும்பி வந்தது. அவர் மனைவியின் கணக்கில் இனிஷியல் விரித்து எழுதியிருந்தது, அவர் கொடுத்த பெயரில் விரிக்கவில்லை. "பெயர் ஒத்துவரலைங்க, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று அவரிடம் சொன்னவன் நான். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்லிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கிளைக்கு வெளியே வந்து அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நீயே வாங்கிக்கோடா. பேப்பர்ல நீதானே பிள்ளை." அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டும் வரவில்லை, மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தவருக்குத் தான் பிள்ளை என்று நிரூபிக்கப் பத்திரம் வேண்டும். விமானத்தில் சாவகாசமாக வந்து இறங்கியவனுக்கு வேண்டாம்.

அப்புறம் ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், பேப்பரில் விளம்பரம், சித்தூர்ப் பழைய வீட்டுப் பக்கத்தில் இருந்த இரண்டு பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்து. எட்டு மாதம் ஆனது. பணம் வந்த அன்றைக்கு யாருக்கும் சந்தோஷமில்லை. அந்த டிரைவரை அப்புறம் ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன். வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த லீவில் அண்ணன்தான் ஆரம்பித்தார், "ஒரு தடவை ஆரணியைப் பார்த்துட்டு வந்துடலாம்டா" என்று. வேலூரிலிருந்து பஸ். பட்டுக் கடைகள், கோட்டை மைதானம், வாய் பிளந்து கிடக்கிற மணல் ஆறு. ஆரணியும் இப்போது வட ஆர்க்காடு இல்லை, 1989-லிருந்து திருவண்ணாமலை மாவட்டம். கொள்ளுத்தாத்தா எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியாது, அவர் பெயரை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது? ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் பேசுவதைக் கேட்டுக் கடைக்காரர், "எந்த ஊரு நீங்க? தெலுங்கு வாடை அடிக்குதே" என்றார். சித்தூர் என்றேன். "அதானே பார்த்தேன், சித்தூர்க்காரங்க" என்று உள்ளே திரும்பி, "சித்தூர்க்காரருக்கு ரெண்டு டீ" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நைனா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் மகள் பிறந்தபோதும் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. மனைவி கும்பகோணம் பக்கம். "ஏங்க, பொண்ணுக்கு உங்க பேரைப் போடாம ஆரணின்னு போடறீங்களே, ஆரணி யாரு?" என்றாள். மாமியார், பட்டுப் புடவை பேர் மாதிரி இருக்கிறதே என்றார். நான் விடாப்பிடியாக ஆரணி என்றே போட்டேன். துபாயில் பிறந்த பெண், ஆந்திராவில் பிறந்தவனின் மகள், தமிழ்நாட்டு ஊரைச் சுமக்கிறாள். பள்ளியில், இது இத்தாலியப் பெயரா என்று கேட்டார்களாம்.

எங்கள் கிளைக்கு ஒரு தென்னாப்பிரிக்கக்காரர் வருவார். குடும்பப் பெயர் மூட்லி. அது முதலியார் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் எந்த ஊரிலிருந்து போனார்கள் என்று தெரியாது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததே, அதற்கப்புறம் வட ஆர்க்காட்டிலிருந்தும் ஏகப்பட்ட பேர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். அவரிடம் ஜாதி மிஞ்சியிருக்கிறது, ஊர் இல்லை. எங்களிடம் ஊர் மிஞ்சியிருக்கிறது. எங்கள் வாலை நைனா எப்போதோ வெட்டிவிட்டார்.

2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் எமிரேட்ஸுக்குள் வர முடியாது என்று அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கும். அம்மாவுக்கு அப்போதுதான் டிக்கெட் போட்டிருந்தேன். அம்மாவின் சர்நேம் கட்டம் காலி. பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பின்பக்கத்தில் அம்மாவின் அப்பா பெயர் இருந்தது. எப்போதோ போய்ச் சேர்ந்த தாத்தா துபாய் ஏர்போர்ட்டில் அம்மாவைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போகப்போகிறான், முதல் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதினால் அண்ணன் பெயர் சர்நேமாகிவிடும். அது வேண்டாம், கெஜட்டில் அறிவித்து ஆரணி என்று சேர்த்துவிடப் போகிறேன் என்றார். நான் பதறிப்போனேன். பத்தாவது சர்டிபிகேட், ஆதார், பேங்க் கணக்கு எல்லாம் மாற்ற வேண்டிவரும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பையன் காலமெல்லாம் அலைவான் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"டேய், பேங்க்காரன் மாதிரி பேசாதே" என்றார். "ஆரணிக்கு இங்கிலீஷ்ல முன்னாடி ஒரு 'ஏ'வா, ரெண்டு 'ஏ'வா? அதை மட்டும் சொல்லு."

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன். நைனாவின் பழைய பென்ஷன் புத்தகத்தில், கையெழுத்தில், இரண்டு. என் பாஸ்போர்ட்டிலும் மகள் பாஸ்போர்ட்டிலும் ஒன்று.

"ஒண்ணே போடுங்கண்ணா" என்றேன்.